இரைச்சல் இருக்கும் திசை

மே மாத நடுவில்தான் தொடங்கியது.
இரவு எட்டானால் நாற்பது மீட்டர் பட்டை முழுக்கக்
கடுகு வெடிக்கிற மாதிரி.
முள் ஒன்பதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
அந்தமானிலிருந்து ஒருவர் தன் பெயரைச் சொல்வார்.
பாதி வரும்,
மீதி பொரிந்துவிடும்.

எங்கள் கிளப் கல்மண்டபத்தில்,
ஐஸ் கிடங்குக்கு மேலே மொட்டைமாடி அறை.
தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பத்துக்கும் நடுவே
இருபது மீட்டர் செப்புக் கம்பி.
அதில் உட்காரும் காக்கைகள் சந்தா கட்டுவதில்லை.
உறுப்பினர்கள் பலரும் அப்படியே.
கணக்கு எழுதுவது நான்.

கூட்டத்தில் டிரான்ஸ்பார்மர்தான் என்றார் லாசரஸ்.
துறைமுகக் கிரேன் என்றார் இதாயத்துல்லா,
அவருக்கு எதற்கெடுத்தாலும் துறைமுகம்.
பேசின் பிரிட்ஜில் சிக்னல் பார்க்கும் பிரேமலீலா
பஜ்ஜியை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"கரன்ட் பெட்டிக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது.
இதுக்கு இருக்கு."

செவ்வாய் இரவு கிளம்பினோம்.
ஒரு பழைய டிரான்சிஸ்டர்,
பிவிசி குழாயில் மீட்டர் டேப்பை வெட்டிக் கட்டிய ஆன்டெனா.
டிரான்சிஸ்டரை மெல்லத் திருப்ப வேண்டும்.
சத்தம் கூடும்போது அல்ல,
சத்தம் செத்துப்போகும்போது
பெட்டியின் தோள் காட்டுகிற திசையில்தான் ஆள்.
குகப்ரியா எனக்கு மூன்று முறை விளக்கினாள்.
மூன்றாம் முறையும் நம்பாமல்தான் நடந்தேன்.

இரண்டாவது சந்திலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது.
"இன்னாபா, டேப்பெல்லாம் தூக்கிகினு வந்துகிறீங்க,
மெட்ரோவுக்கு வூட்ட அளக்கவா?"
இல்லை என்றோம்.
"மெய்யாலுமா?"
மெய்யாலும்.
"அப்ப டவரா? டவர்னா வேணாம், குருவி செத்துப்பூடும்."
லாசரஸ் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.
அவரை அங்கேயே விட்டுவிட்டு
நாங்கள் நால்வரும் நகர்ந்தோம்.

பச்சை கேட். ஜன்னலில் ட்யூப்லைட்.
காக்கிக் கால்சட்டைகள் ஒரு குன்று,
நீலச் சட்டைகள் ஒரு குன்று,
இடுக்கில் அமலோற்பவம்.
பள்ளி திறக்க ஒன்பது நாள், நூற்று எண்பது யூனிபார்ம்.
மிதித்துக்கொண்டிருந்த மெஷினுக்கு
இந்த வருஷம்தான் மோட்டார் போட்டாராம்.

பெடலைத் தொட்டார், டிரான்சிஸ்டர் பொரிந்தது.
காலை எடுத்தார், அடங்கியது.
திரும்பத் தொட்டார்.
"இது நானா?"
காலர் மூலைக்குக் குட்டிச் சத்தம்,
கால்சட்டைப் பக்கத்துக்கு நீளச் சத்தம்,
பட்டன் காஜாவுக்கு விட்டு விட்டு.
"எது வரைக்கும் கேக்குது?"
எங்கள் மாடி வரைக்கும் என்றாள் பிரேமலீலா.
"அவ்ளோதானா?" என்றார்.

கார்பன் தூசியைத் துடைத்து
ஒரு கெப்பாசிட்டர், வயரில் ஒரு ஃபெரைட் வளையம்.
கிளப் செலவு நாற்பத்தைந்து ரூபாய்.
வேலை முடியும்வரை இதாயத்துல்லா
பத்துப் பத்தாகப் பட்டன் எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் அந்தமான்காரர் முழுதாக வந்தார்.
பெயர் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் மாடி ஏறி வந்தார்,
டிரான்ஸீவருக்கு ஒரு உறையோடு.
மிச்சம் விழுந்த நீலத் துணி, பாக்கெட்கூட வைத்திருந்தார்.
இரண்டு விரற்கடை குட்டை.
லாசரஸ் யாருக்கோ "செவன்ட்டி த்ரீ" சொல்லி
மைக்கை வைத்தார்.
"எழுபத்தி மூணு யாரோட இடுப்பு?"
அப்படி இல்லை, போய் வருகிறேன் என்பதை
நாங்கள் அப்படிச் சொல்வோம் என்றோம்.
"அப்ப நானும் எழுபத்தி மூணு" என்று எழுந்தவர்
வாசலில் திரும்பி,
"உறைக்குத் தொண்ணூறு ரூபா."
எழுதிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கணக்கில் எழுதவில்லை.
அந்த நாட்களில் பதினொன்றேகால் வாக்கில் இரைச்சல் நிற்கும்.
யாரென்று தெரியாத ஒருவர்
விளக்கணைத்துப் படுக்கப் போகிறார் என்பதுபோல
நானும் ரேடியோவை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன்.
இப்போது பட்டை சுத்தமாக இருக்கிறது.
மணி பன்னிரண்டு ஆகிறது, ஒன்று ஆகிறது.
போதும் எழுந்திரு என்று
யாரும் சொல்வதில்லை.